மணிக்கட்டில் போட்ட நீலக் கோடு

எங்கள் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு ஆபரேஷன் என்றால், முதலில் நரம்பு போகும் வழியை நோயாளியின் தோல்மேல் கோடாக வரைவார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் நோயாளியின் பெயரையும் எழுத வேண்டும். இது சட்டம். போன மாதம் பென்ஷன் காகிதத்துக்காகப் போயிருந்தேன். ஆபரேஷன் தியேட்டரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது.

"ஏனுங்க, கை அவரோடது. கோடு அவரு கைலதான் இருக்குது. இப்ப மிஷின் வேற வந்துருச்சு, நரம்பு டிவியில தெரியுது. அப்புறம் எதுக்குங்க பேரு?"

"ஒரு தடவ மாறிப்போச்சு" என்றேன்.

"கை மாறிப்போச்சா?"

"நரம்பு."

பிள்ளை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எழுதித் தரச் சொன்னது. எழுதுகிறேன். எனக்கு நீட்டி எழுத வராது.

என் பெயர் ரங்கசாமி. அப்பா குந்தாவில் மின்வாரிய வேலை. எட்டாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. ஊட்டிக்கு வந்து இந்த ஆஸ்பத்திரியில் வெந்நீர் போடுகிற வேலையில் சேர்ந்தேன். டாக்டர்கள் ஆபரேஷனுக்கு முன்னால் முழங்கை வரை கை கழுவ வேண்டும். ஜனவரி மாதம் ஊட்டிக் குழாய்த் தண்ணீரில் கை கழுவினால் அரை மணி நேரத்துக்குக் கத்தி பிடிக்க முடியாது. அதனால் எனக்குச் சம்பளம்.

தியேட்டருக்குள் போனது என் திறமையால் இல்லை. அங்கே முன்பு இருந்த ஆள் பேசிக்கொண்டே இருப்பார். ஆபரேஷன் நடக்கும்போது மயங்காத நோயாளிகளிடம் முட்டைக்கோஸ் விலை சொல்வார். ஒரு நாள் நோயாளி விலை கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் முட்டைக்கோஸ் பயிர் போட்டவர். அதற்குப் பிறகு டாக்டர் கோமதி அம்மா வெந்நீர் அறைக்கு வந்தார்.

"நீங்க பேசுவீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"நாளையிலிருந்து உள்ள வந்துருங்க."

இன்டர்வியூ அவ்வளவுதான். வேலை பழக இரண்டு வருஷம் ஆனது. நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருவது, கையைக் கழுவிவிடுவது, மருந்து பூசும்போது கையைத் தூக்கிப் பிடிப்பது. பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது. சும்மா நிற்பதுதான் கஷ்டம். மூக்கு அரிக்கும்.

கோமதி அம்மா கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். கை டாக்டர். ஆள் உயரம் குறைவு. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். பலகை போடுவது என் பொறுப்பு. ஒரு நாள் மறந்துவிட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் பச்சைத் தொப்பி மட்டும் தெரிந்தது. தொப்பி சொன்னது: "ரங்கசாமி, நான் வந்துட்டேனுங்க."

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் "ங்க" உண்டு. பெருக்குகிற அம்மாவுக்கு உண்டு. டிரைவருக்கு உண்டு. நரம்புக்கும் உண்டு. எலும்பு, சதை எல்லாம் அவருக்கு "அது"தான். நரம்பு மட்டும் "அவரு". பயிற்சிக்கு வந்த ஒரு சின்ன டாக்டரிடம் "அவரு எங்க இருக்காருன்னு பார்த்துட்டீங்களா?" என்று கேட்டார். பையன் வராந்தா வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "யாரும் இல்லீங்க மேடம்" என்றான்.

இந்த ஆபரேஷன் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலைத் தூக்குகிற இரண்டு தசைநார்கள் மணிக்கட்டில் ஒரு உறைக்குள் போகின்றன. ஒரே குடை உறைக்குள் இரண்டு குடையைச் செருகின மாதிரி. உறை வீங்கி இறுகினால் கட்டைவிரலை அசைக்க முடியாது. சுண்டி இழுக்கும். தேயிலை எஸ்டேட்டில் இது நிறையப் பேருக்கு வரும். பட்டை கட்டி, ஊசி போட்டுப் பார்ப்பார்கள். முக்கால்வாசி சரியாகிவிடும். ஆகாதவர்களுக்கு உறையைப் பிளந்துவிட வேண்டும். கோமதி அம்மா கையை நீளமாகத் திறக்கமாட்டார். இரண்டு சின்ன ஓட்டை. ஒன்றின் வழியாக ஊதுபத்திக் குச்சி மொத்தத்தில் ஒரு கேமரா. இன்னொன்றின் வழியாக ஆயுதம்.

"ஓட்ட போடுறது சுலபமுங்க. எங்க போடக் கூடாதுங்கறதுதான் படிப்பு" என்பார்.

ஏனென்றால் அந்த உறைக்கு மேலேயே, தோலுக்கு அடியில், ஒரு நரம்பு படுத்திருக்கிறது. தையல் நூல் மொத்தம். அது எந்த விரலையும் அசைக்காது. கட்டைவிரலின் முதுகுக்கும் புறங்கைக்கும் உணர்ச்சி கொடுக்கும், அவ்வளவுதான். அதை வெட்டிவிட்டால் கை வேலை செய்யும். ஆனால் அந்த இடம் மரத்துப் போகும். இல்லாவிட்டால் சட்டை உரசினாலே தீப்பட்ட மாதிரி எரியும்.

அதனால் கோமதி அம்மா கத்தியைத் தோலுக்கு மட்டும்தான் கொடுப்பார். அதுவும் கையின் நீளவாக்கில். நரம்பு நீளவாக்கில் போகிறது, குறுக்கே கீறினால் அதுவும் சேர்ந்து போய்விடும். தோல் பிளந்ததும் கத்தியைத் தட்டில் போடுவார். "டங்" என்று சத்தம் கேட்ட பிறகுதான் சிஸ்டர் அடுத்ததை நீட்டுவார். அது கொசு மூக்கு மாதிரி ஒரு சின்ன இடுக்கி. முனை மழுங்கல். அதை மூடியபடி உள்ளே விட்டு, உள்ளே போய்த் திறப்பார். சதை விலகும். நடுவில் நரம்பு இருந்தால் அதுவும் நழுவி ஓரமாகப் போகும். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று அதனிடம் சொல்வார். பிறகு மழுங்கல் கம்பி. பிறகுதான் கேமரா.

சின்ன டாக்டர்களை நேராக நோயாளியிடம் விடமாட்டார். மரத்தக்காளி என்று இந்த மலையில் விளைகிற ஒரு பழத்தில் பழக வேண்டும். தோலை மட்டும் கீற வேண்டும், உள்ளே சாறு வரக் கூடாது. சாறு வந்த பழம் எல்லாம் எனக்கு. ஒரு பையனால் நான் மூன்று மாதம் தினமும் பழம் சாப்பிட்டேன். அவன் இப்போது கண் டாக்டர் என்று கேள்வி. பயமாக இருக்கிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. தியேட்டரில் வேலை செய்கிற எல்லோரும் தங்கள் நரம்பைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். கட்டைவிரலை விறைப்பாகத் தூக்கினால் மணிக்கட்டில் ஒரு தசைநார் கயிறு மாதிரி எழும்பும். அதன்மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டினால் நூல் ஒன்று நழுவுவது தெரியும். அதுதான் அவர். கண்டுபிடித்ததும் நீல மார்க்கரால் வரைந்துகொள்ள வேண்டும். கூடலூர்க்கார லிசி சிஸ்டருக்கு நரம்பு மேலேயே இரண்டாகப் பிரிந்தது. டிரைவருக்கு மூன்று கிளை. எனக்கு வலது கையில், கீழே வந்து மாட்டுக்கொம்பு மாதிரி பிரிந்து, உள் கொம்பு மட்டும் ஒரு நெளி நெளிந்தது.

என் கையில் சதை கிடையாது. நரம்பு நன்றாக அகப்படும். அதனால் புதிதாக யார் வந்தாலும் "ரங்கசாமி கையப் பாருங்க" என்பார் அம்மா. என் கோட்டை அழியவிடவில்லை. மங்கினால் மறுபடி மேலேயே வரைந்துவிடுவார். எட்டு வருஷம் அந்தக் கோட்டோடு இருந்தேன். பெர்ன்ஹில் பஸ்ஸில் கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னண்ணா, வழி மறந்துருவீங்கன்னு வூட்டுல வரஞ்சு உட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டில் என் மனைவி ஒரு தடவை கேட்டாள். ஆபீஸ் வேலை என்றேன்.

இப்போது அந்த கேஸ்.

வேலுச்சாமி கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மேஸ்திரி. ஐம்பது வயது. நெட்டையாக, வாயைத் திறக்காத மனுஷன். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கூட அவர் மனைவி சரசு. வாயைத் திறக்காத பாக்கியை அவர் பேசுவார்.

வலது மணிக்கட்டு. ஒரு வருஷ வலி. பட்டை கட்டியாயிற்று, ஊசி போட்டாயிற்று. அடுத்த நாள் காலை ஆபரேஷன். முந்தின நாள் சாயங்காலம் நரம்பைக் குறிக்க கோமதி அம்மா வார்டுக்கு வந்தார். ஊசி போட்டு மரத்த பிறகு நோயாளிக்கு எதுவும் தெரியாது, அதனால் முன்கூட்டியே குறித்துவிடுவார். முழங்கைப் பக்கத்திலிருந்து விரல் நுனியால் தட்டிக்கொண்டே கீழே வர வேண்டும். நரம்பின்மேல் தட்டும்போது கட்டைவிரலுக்கு ஜிவ்வென்று ஓடும்.

"ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க."

அந்த இடத்தில் ஒரு புள்ளி. இப்படிப் புள்ளி வைத்துக்கொண்டே வந்து கடைசியில் சேர்ப்பார். அன்றைக்குக் குளிரில் மார்க்கர் எழுதவில்லை. அம்மா ஊதிப் பார்த்தார். எழுதவில்லை. லிசி சிஸ்டர் தன் மகளின் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தார். அதுவும் நீலம்தான். அதால் வரைந்தார். தப்பு அங்கே ஆரம்பித்தது.

வரைந்துகொண்டே, "ஃபேக்டரில என்ன வேல பார்க்கறீங்க?" என்று அம்மா கேட்டார்.

"பெர்மென்டிங் ரூமுங்க."

"அப்படின்னா?"

வேலுச்சாமி சொல்லவில்லை. சரசுதான் சொன்னார். "அரைச்ச எலைய மெத்த மாதிரி பரப்பி உட்டுருவாங்கம்மா. அது பச்சையிலிருந்து செம்புக் கலருக்கு வரும், சூடு ஏறும். சூடு எறங்கறதுக்குள்ள அள்ளி அடுப்புக்கு அனுப்போணும். முந்துனா டீ பச்ச வாசம் அடிக்கும், பிந்துனா புளிச்சிரும். இவரு பொறங்கைய வெச்சுப் பார்த்து 'போதும்'பாரு. அப்பத்தான் அள்ளுவாங்க. ஃபேக்டரில தெர்மாமீட்டரும் இருக்குதுங்க. அதையும் இவருகிட்டக் காட்டி, செரியாக் காட்டுதான்னு கேப்பாங்க."

"பொறங்கைல எந்த எடமுங்க?" என்று அம்மா கேட்டார்.

வேலுச்சாமி இடது கையால் காட்டினார். கட்டைவிரலின் முதுகு. அதற்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள மேட்டுப் பகுதி.

அம்மா பேனாவை மூடினார். "அந்த எடத்துக்கு உணர்ச்சி குடுக்கறவரு இவருதாங்க" என்று கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

வேலுச்சாமி முதல்முறையாகத் தானாகப் பேசினார். "அவரு போயிட்டா, நான் எலைய வாரிக் கொட்டற வேலைக்குத்தாங்க போகோணும்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ட்ராலியோடு வார்டுக்குப் போனேன். சரசு வாசலிலேயே நின்றார்.

"அண்ணா, உங்க கையக் கொஞ்சம் காட்டுங்க."

மணி பார்க்கக் கேட்கிறார் என்று நினைத்தேன். எனக்கு வாட்ச் வலது கையில். காட்டினேன். அவர் வாட்ச்சைப் பார்க்கவில்லை. நல்ல நேரம் பார்க்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஏதாவது பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றேன்.

"போர்வ ஒண்ணு கெடைக்குங்களாண்ணா? குளுருது இவருக்கு."

போனேன். எடுத்து வந்தேன். திரும்பி வரும்போது வேலுச்சாமி ட்ராலியில் படுத்து, வலது கையைத் துண்டில் சுற்றி நெஞ்சின்மேல் வைத்திருந்தார். குளிருக்கு என்று எடுத்துக்கொண்டேன். தள்ளிக்கொண்டு போனேன்.

தியேட்டரில் அம்மா ஊசி போட்டார். கை மரத்தது. லிசி சிஸ்டர் மருந்து பூச, நான் கையைத் தூக்கிப் பிடித்தேன். பிறகு பச்சைத் துணி போர்த்தி, மணிக்கட்டு மட்டும் தெரிகிற மாதிரி விட்டார்கள். அம்மா பலகைமேல் ஏறினார். விளக்கைத் திருப்பினார். கோட்டைப் பார்த்தார்.

"நேத்து இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்தாரோ?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மறுபடி பார்த்தார். கோடு தெளிவாக இருந்தது. அழகாகக்கூட இருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம், கொம்புக்குத் தள்ளி, ஓட்டை போட ஒரு புள்ளி வைத்தார். "கத்தி" என்றார்.

சிஸ்டர் கொடுத்தார்.

நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ பார்த்த கோடு. கீழே வந்து மாட்டுக்கொம்பு மாதிரி பிரிகிறது. உள் கொம்பு ஒரு நெளி நெளிகிறது. பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். சாப்பிடும்போது பார்த்திருக்கிறேன். முகம் கழுவும்போது பார்த்திருக்கிறேன்.

தியேட்டரில் அந்தப் பதினொரு வருஷத்தில் நான் வாயைத் திறந்ததில்லை. பேசாததால்தான் என்னை உள்ளே விட்டார்கள். அம்மாவின் கை கீழே இறங்கியது.

"அம்மா" என்றேன்.

கத்தி நின்றது. லிசி சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். மேஜைதான் பேசியதோ என்று பார்த்த மாதிரி இருந்தது.

"சொல்லுங்க ரங்கசாமி."

"அது என் நரம்புங்க."

லிசி சிஸ்டர் மெதுவாக, "ரங்கண்ணா, காலைல எந்தாவது கழிச்சீங்களா? கஞ்சி, தோசை?" என்று கேட்டார். அவர் ஊர்ப் பேச்சில் கழிப்பது என்றால் சாப்பிடுவது.

நான் சட்டைக் கையை மேலே தள்ளி, தொடாமல், தூரத்திலிருந்து என் மணிக்கட்டைக் காட்டினேன். அம்மா அதைப் பார்த்தார். இதைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். கத்தியைத் தட்டில் போட்டார். டங் என்றது.

துணிக்கு அந்தப் பக்கம் வேலுச்சாமி விழித்துக்கொண்டுதான் இருந்தார். "தப்பு எம்மேலதாங்க" என்று குரல் மட்டும் வந்தது.

நடந்தது இது. வேலுச்சாமிக்கு இலையைத் தொடும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்க்கிற பழக்கம். முப்பது வருஷப் பழக்கம். காலையில் எழுந்ததும் கை தானாகத் தேய்த்துவிட்டது. ஸ்கெட்ச் பேனாக் கோடு சோப்புக்கு நிற்கவில்லை. கோடு போனது தெரிந்தால் ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்கள், ஃபேக்டரியில் லீவு அவ்வளவுதான் என்று இரண்டு பேருக்கும் பயம். அந்த நேரத்தில் நான் ட்ராலியோடு போய் நின்றேன். என் கையில் அதே மாதிரி நீலக் கோடு.

சரசுவைக் கூப்பிட்டார்கள். வாசலில் நின்றே பேசினார்.

"நாந்தாம்மா வரஞ்சேன். அண்ணன் கைல தெளிவா இருந்துச்சு. வார்டுல துணிக்கு நம்பர் போடற நீலப் பேனால வரஞ்சது, அழியாது. அளவு பார்த்து, ஒரு நூல் பெசகாம வரஞ்சிருக்கேன்."

"அழகா வரஞ்சிருக்கீங்க" என்றார் அம்மா. "ஆனா அது ரங்கசாமியோட நரம்புங்க."

"எல்லாத்துக்கும் ஒரே ஊசி போடறீங்க. ஒரே மாத்திர குடுக்கறீங்க. ஒரே பச்சத் துணியப் போத்தறீங்க. நரம்பு மட்டும் ஆளுக்கு ஒண்ணுன்னு எனக்கு எப்படீங்கம்மா தெரியும்?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

துணிக்குப் பின்னாலிருந்து வேலுச்சாமி, "பரவால்லீங்க, இவரு நரம்ப வெச்சே பண்ணிருங்க" என்றார்.

"இவரு நரம்பு இவருகிட்டப் பத்திரமா இருக்குதுங்க" என்றார் அம்மா. "உங்களது எங்க இருக்குதுன்னுதான் இப்ப யாருக்கும் தெரியல."

சின்ன டாக்டர் ஒருவர் யோசனை சொன்னார். நேற்று வரைந்தது மேடத்துக்கு ஏறக்குறைய ஞாபகம் இருக்குமே, இடது கையையும் தட்டிப் பார்க்கலாமே, என்றார். அம்மா தலையை ஆட்டினார். ஏறக்குறைய போதாது. ஒரே ஆளுக்கே இரண்டு கையும் ஒரே மாதிரி இருக்காது. நீளமாகத் திறந்து கண்ணால் பார்த்துச் செய்யலாம், ஆனால் பெரிய தழும்பு நரம்பைப் பிடித்து இழுக்கும். மரப்பு இறங்கினால் அவரே சொல்லப் போகிறார். அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தால் என்ன.

"இன்னைக்கு வேண்டாங்க" என்று பலகையிலிருந்து இறங்கினார். அன்றைக்கு வேறு ஆபரேஷன் இல்லாமல் போனது வேலுச்சாமி அதிர்ஷ்டம்.

மரப்பு இறங்கும் வரை உட்கார்ந்தோம். வேலுச்சாமியின் கை போர்வைக்கு வெளியே, யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கையால் எடுத்துப் புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

"இப்பிடித்தாங்க இருக்குமா?" என்று என்னிடம் கேட்டார். "வெட்டுப்பட்டா?"

"தெரியல" என்றேன்.

ஆஸ்பத்திரி டீ வந்தது. அவர் மோந்து பார்த்துவிட்டுத் தம்ளரைத் திருப்பி வைத்தார். "இது ஏழு நிமிசம் பிந்திப்போன எலைங்க" என்றார். நான் அதைத்தான் வெந்நீர் போட்ட காலத்திலிருந்து குடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஃபேக்டரியிலிருந்து போன். சரசு காதில் வைத்துப் பிடித்தார். அவருக்குப் பதில் வேறு யாரோ கை வைத்துப் பார்க்கிறார்களாம்.

"உள்ளங்கைய வெக்காத" என்றார் வேலுச்சாமி. "உள்ளங்கை காச்சுப்போனது, பொய் சொல்லும். பொறங்கைய வெய்யி. என்ன தெரியுது? ஒண்ணும் தெரியலயா? அப்ப அள்ளாத. அஞ்சு நிமிசம் பொறு. இப்ப? தெரியலயா? செரி, கண்ண மூடிட்டு வெய்யி." கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சரசுவிடம், "போன வெச்சுரு. அந்த எலை போயிருச்சு" என்றார்.

எனக்கு அப்போதுதான் அந்த நரம்பு எவ்வளவு பெரிது என்று தெரிந்தது.

சாயங்காலம் கை தெளிந்தது. அம்மா தட்டிக்கொண்டே வந்தார். ஓடுது. ஓடுது. ஓடுது. புள்ளிகளைச் சேர்த்தார். வேலுச்சாமியின் நரம்பில் கொம்பு கிடையாது. நெளி கிடையாது. ஒரே கோடாக, என்னுடையதற்கு ஒரு அரிசி அகலம் தள்ளி, நேராகப் போனது. காலையில் ஓட்டை போட வைத்த புள்ளி இன்னும் அழியாமல் இருந்தது. புதுக்கோடு அந்தப் புள்ளியின் நடுவிலேயே ஏறிப்போனது.

அம்மா அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"பேர எழுதுங்க ரங்கசாமி. கோட்டுப் பக்கத்துலயே."

எழுதினேன். வேலுச்சாமி என்று எழுதும்போது "ச்" விட்டுப்போய்விட்டது. சரசு சொல்லித் திருத்தினார். இந்தத் தடவை மார்க்கர் எழுதியது, லிசி சிஸ்டர் அதை வெந்நீரில் காட்டியிருந்தார். அம்மா அவர் கைமேல் மெல்லிய துணி சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டினார். பிளாஸ்திரிமேல் கையெழுத்துப் போட்டார். "கை கழுவக் கூடாதுங்க" என்றார். வேலுச்சாமி கஷ்டப்பட்டுச் சம்மதித்தார்.

மறுநாள் ஆபரேஷன். கோட்டிலிருந்து தள்ளிப் புதுப் புள்ளி. தோல் மட்டும், நீளவாக்கில். டங். இடுக்கி மூடியபடி போய்த் திறந்தது. சதை விலகியது. ஓட்டையின் ஓரத்தில், மஞ்சள் கொழுப்புக்கு நடுவில், வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தது.

"வணக்கமுங்க" என்றார் அம்மா.

லிசி சிஸ்டரும் லேசாகத் தலையைக் குனிந்தார். நானும் குனிந்தேன். வேறென்ன செய்வது. பிறகு கம்பி, கேமரா, தண்ணீர். டிவியில் தசைநார் இரண்டும் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. உறை பிளந்தது. கட்டைவிரலைப் பிடித்து நான் அசைக்க, தசைநார் இரண்டும் தடையில்லாமல் ஓடின. இரண்டு ஓட்டைக்கும் இரண்டு தையல்.

எல்லாம் சரி. ஆனால் நரம்பை இடுக்கி தள்ளியிருக்கிறது. தள்ளினதில் அதற்கு என்ன ஆனது என்று மரப்பு முழுதாக இறங்கிய பிறகுதான் தெரியும். அதற்கு அடுத்த நாள் காலை பார்க்கலாம் என்றார் அம்மா.

அந்தக் காலை நல்ல மூடுபனி. வார்டு ஜன்னல் மூடியிருந்தும் உள்ளே வந்திருந்தது. வேலுச்சாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சரசு மடித்த போர்வையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அம்மா டப்பாவிலிருந்து பஞ்சு கொஞ்சம் எடுத்துத் திரித்தார்.

"கண்ண மூடிக்குங்க. பஞ்சு படறது தெரிஞ்சா சொல்லுங்க."

கட்டைவிரல் முதுகில் பஞ்சைத் தொட்டார். வேலுச்சாமி ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்சம் கீழே தொட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

விரல்களுக்கு நடுவில் உள்ள மேட்டில் வைத்து மெதுவாக இழுத்தார். வேலுச்சாமி கண்ணை மூடியபடி அசையாமல் இருந்தார். லிசி சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சரசு முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அம்மா பஞ்சை எடுக்காமல் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது தெரியுதுங்களா?" என்று அம்மா கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றார் வேலுச்சாமி. "பார்த்துட்டுத்தான் சொல்லோணும்."

கண்ணைத் திறக்கவில்லை. புறங்கையை ஒரு நூல் அளவு மேலே தூக்கி, பஞ்சில் தானாகவே ஒரு தடவை உரசிப் பார்த்தார்.

"பஞ்சு நமுத்துப்போயிருக்குதுங்க" என்றார். "வேற மாத்துங்க."